அறுபத்து மூன்று தியாகிகளும் ஒரு தையல்காரரும்

1926 ஜூலை 6, கிடங்கு வாசலில் துப்பாக்கிச்சூடு: இறந்தவர் 9.
1976, ஐம்பதாம் ஆண்டு நாடகம்: இறந்தவர் 9.
1998, நாடகம்: 22.
2024, திரைப்படத்துக்கான பட்டியல்: 63. சுடுவதற்கு ஆள் 2.

வெள்ளைக்காரன் போய் இத்தனை காலமான பிறகும் சாவுக் கணக்கு ஏறுவது எப்படி என்கிறீர்களா? ‘தியாகி பேரன்’ என்றோர் இனம் இருக்கிறது. நினைவுநாள் வந்தால் மார்பில் சிவப்புச் சாயத்தைத் தடவிக்கொண்டு, தாத்தா வேடத்தில் வந்து, சுடுவதற்கு முன்பே விழுந்து, விழுந்த இடம் பின்வரிசை என்று தெரிந்ததும் எழுந்து, கேமராவுக்குப் பக்கத்தில் போய் மறுபடி சாவார். சிப்பாய் வேடம் கொடுத்தால் மட்டும் முதுகுவலி.

எங்கள் பூட்டுக்காரர் இந்த இனத்தின் திலகம். கிடங்குத் தொழிலாளர் சங்கத்தின் பதிவேடு நாற்பது ஆண்டுகளாக என்னிடம் இருப்பதால், பட்டியலில் கையெழுத்திட வேண்டியவன் நான்.

“உங்க தாத்தா காய்ச்சல்ல போனவர். அதுவும் பதிமூணு வருஷம் கழிச்சு.”

“குண்டு மெதுவா வேலை செஞ்சிருக்கும், ஐயா.”

“உடம்புல ஒரு கீறல்கூட இல்லையே.”

“உள்காயம்.”

இதுவரை சிரிக்கலாம். ஆனால் படத்தின் முடிவில் திரையில் வரும் பெயர்களுக்கு மூன்று பத்திகள்தான், பத்திக்கு இருபத்தொன்று. பூட்டுக்காரரின் தாத்தா ஏற, ஒருவர் இறங்க வேண்டும். இயக்குநர் தையல்காரரின் பெயர்மேல் விரலை வைத்தார். உண்மையாகவே செத்த ஒன்பது பேரில் ஒருவர். பிள்ளைகுட்டி இல்லாதவர்.

“அவருக்காக யாருங்க சண்டைக்கு வரப்போறா?”

நான் கையெழுத்திடவில்லை. அன்றைய ஆவணங்களின் நகல் கேட்டு, கடலுக்கு அப்பால் இருக்கும் காப்பகத்துக்கு எழுதினேன். எழுதுகிற கையோடு, அன்று முன்வரிசையில் நெஞ்சை நிமிர்த்தி நின்ற என் தாத்தாவைப் பற்றியும் ஒரு வரி கேட்டு வைத்தேன்.

பதிலில், இறந்தவர்கள் பட்டியலில் தையல்காரரின் பெயர்தான் முதலாவது. இயக்குநர் அந்தப் பெயர்மேலிருந்து விரலை எடுத்தார். பூட்டுக்காரர் சிப்பாய் வேடத்துக்குப் போனார், நன்றாகவே சுட்டார். என் தாத்தாவுக்கும் ஒரு வரி இருந்தது. கிடங்கின் வருகைப் பதிவேட்டின்படி, அன்று விடுப்பு. காரணம்: பல்வலி.

உங்கள் தாத்தா அன்று எங்கே நின்றார்? முன்வரிசையில்தானே? எழுதிக் கேட்டுப் பாருங்கள். பதில் வர ஏழு மாதம் ஆகும். அதுவரை தாராளமாக நிமிர்ந்து நடக்கலாம். நான் அப்படி நடந்த கடைசி நாள் 2025 மார்ச் 11.

கடிதம் வந்தது மார்ச் 12.