சம்மந்தி வீட்டுப் பாலில் ஒரு சொட்டு

கூச்ச சுபாவக்காரனால் யாருக்கும் தொந்தரவில்லை என்று பலர் நினைக்கிறார்கள். வாயைத் திறந்து கேட்க வேண்டியதைக் கேட்காமல், தானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறவன் எவ்வளவு ஆபத்தானவன் என்பது என் மூத்த மகளின் நிச்சயத்துக்கு வந்திருந்தவர்களுக்குத் தெரியும்.

நான் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் பெயின்டர். படிப்பு பத்தாவது. நாலு பேர் கூடிய இடத்தில் என் பெயரைக் கேட்டால்கூட மனைவி செல்விதான் சொல்ல வேண்டும்.

சின்ன மகள் நிவேதா கல்லூரியில் உயிர்வேதியியல் முதல் வருடம். சத்தம் போட்டுத்தான் படிப்பாள். "யானையோ எறும்போ, முக்கியமா நாலு சரக்குலதான்ப்பா செஞ்சிருக்குது" என்று ஒருநாள் விளக்கினாள். நான் அதைப் பட்டறைக் கணக்கில் புரிந்துகொண்டேன். புரதம் என்றால் சட்டமும் தகடும். மாவுச்சத்து டீசல். கொழுப்பு, ஸ்பேர் டாங்கில் சேர்த்துவைத்த டீசல். நியூக்ளிக் அமிலம் என்பது எந்த லாரியை எப்படிக் கட்ட வேண்டும் என்கிற வரைபடம். "ஏறக்குறைய சரிதான்ப்பா" என்றாள். (அந்த 'ஏறக்குறைய'வை நான் கவனித்திருக்க வேண்டும்.)

மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் என்ற சின்னச் சர்க்கரையைக் கண்ணி கண்ணியாகக் கோத்த சங்கிலியாம். அது ஸ்பிரிங் போலச் சுருண்டிருக்குமாம். அந்தச் சுருளுக்குள் அயோடின் புகுந்தால் கருநீலம். ஒரு உருளைக்கிழங்குத் துண்டில் சொட்டு விட்டுக் காட்டினாள். ஆயுள் முழுக்கப் பெயின்ட் கலக்கிய எனக்கு, பழுப்பு தானாகவே நீலமானதைப் பார்த்ததும் பைத்தியம் பிடித்துவிட்டது. மருந்துக்கடையில் காயத்துக்குப் போடும் அயோடின் ஒரு பாட்டில் வாங்கி, சோற்றிலிருந்து சப்பாத்தி வரை எதையும் விட்டுவைக்கவில்லை.

"இந்த இட்லியத் திங்கறதா, மை தொட்டு எழுதறதா?" என்று கேட்டாள் செல்வி.

"பாலு கெட்டியாத் தெரியோணும்னு மாவு கலப்பாங்கப்பா. அதையும் இது காட்டிக் குடுத்துரும்" என்று நிவேதா போகிற போக்கில் சொல்லியிருந்தாள். அது மனதில் தங்கிவிட்டது.

பெரியவள் சுகன்யா தன் வாயால் 'புடிச்சிருக்குது' என்று சொன்ன முதல் மாப்பிள்ளை பரமத்தி வேலூர்ப் பக்கம். பத்துப் பதினைந்து மாடு வைத்துப் பால் ஊற்றும் குடும்பம். நிச்சயத்தன்று வேனை விட்டு இறங்கியதும் சம்மந்தி முதலில் எடுத்து நீட்டியது பூத்தட்டை அல்ல, பால் கேனை.

"எங்கூட்டுப் பாலுங்க. காப்பி இதுலதான் போடோணும்."

கூடத்தில் உட்கார்ந்தால் யாராவது பேச்சுக் கொடுப்பார்கள் என்று பயந்து, நான் சமையலறையில் ஒளிந்துகொண்டேன். சமையல்காரர் ஒரு டம்ளரில் பாயசம் ஊற்றி, "இனிப்புப் பாருங்கண்ணா" என்றார். எங்கள் ஊர்ப் பாயசம் என்றால் ஜவ்வரிசிதான். குடித்தேன். இனிப்பு சரியாக இருந்தது. அவர் பந்தி இலையைப் பார்க்கப் போனதும், கையிலிருந்த டம்ளரிலேயே கேனிலிருந்து கொஞ்சம் பால் மொண்டேன். சட்டைப் பையில் பாட்டில் இருந்தது. ஒரே ஒரு சொட்டு.

நீலம்.

ஆட்டிப் பார்த்தும் மறையவில்லை. பாலில் மாவு கலக்கிற வீட்டிலா பெண்ணைக் கொடுப்பது? நிறுத்தினால் சுகன்யாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது? வெளியே செல்வியின் குரல்: "ஏனுங்க, நல்ல நேரம் போவுது, தட்டு மாத்த வாங்க!"

செல்வியின் தம்பி துரைசாமி என்னைத் தேடிக்கொண்டு உள்ளே வந்தான். அவன் காதில் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவன் லாரி ஓட்டுகிறவன். ரகசியம் பேசினாலும் எதிரில் வருகிற வண்டிக்குக் கேட்கும்.

"என்னங்க மச்சான், பாலுல மாவா?"

கூடத்துப் பேச்சு அப்படியே நின்றது. நாங்கள் வெளியே வந்தபோது சம்மந்தி எழுந்து நின்றிருந்தார்.

"பாலுல மாவுன்னு சத்தம் வந்துச்சுங்க. யாரு பாலுல?"

அறை வாசலில், தலை நிறையப் பூவோடு சுகன்யா. அவள் அழவில்லை. என்னையே பார்த்தாள். நான் ஏதாவது சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். பேச்சுக்கு முன்னால் கும்பிடக் கை எழுந்து, அதிலிருந்த மூடாத பாட்டில் சரிந்து வேட்டியில் கொட்டியது. செல்வி ஜவ்வரிசிக் கஞ்சி போட்டு மொடமொடவென்று தேய்த்துக் கொடுத்த வேட்டி. சபை முன்னால் அது திட்டுத்திட்டாகக் கருநீலமானது.

சம்மந்தியம்மா நிதானமாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அப்ப உங்க வேட்டியும் கலப்படமுங்களா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. நிவேதா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"அப்பா, பால எந்த டம்ளருல எடுத்தீங்க?"

"பாயசம் குடிச்ச டம்ளருல" என்றேன். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் நான் பேசிய முதல் வார்த்தை.

"ஜவ்வரிசி முழுக்க மாவுச்சத்துப்பா! பாலுல இருக்கறது வேற சக்கரை, அது நீலமே ஆவாது!"

எனக்கு உயிர் வந்தது. சம்மந்திக்கு ஆறவில்லை. "விளக்கமெல்லாம் வேண்டாம் சாமி. கழுவுன டம்ளரு கொண்டாங்க. எல்லாரும் பாக்க உங்கப்பாவே ஊத்தட்டும். நீலமாச்சுன்னா நாங்க வேன் ஏறிக்கறோம்."

நிவேதா டம்ளரைக் கழுவி, துடைத்து, மறுபடி கழுவினாள். கேன் கூடத்துக்கே வந்தது. பாட்டிலில் மிச்சமிருந்தது கொஞ்சம்தான். இரண்டு பக்கத்துச் சொந்தமும் என் விரல்களைப் பார்த்தது. அதே கேனில் முன்பு அந்த டம்ளரைத்தானே முக்கினேன், ஒட்டியிருந்த ஜவ்வரிசி ஒன்று உள்ளே கரைந்திருந்தால்? இதை வெளியே சொல்ல எனக்குத் தைரியமில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினேன்.

"மஞ்சள்" என்றாள் நிவேதா.

மஞ்சள்தான். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். கலக்கிப் பார்த்தார்கள். மஞ்சளாகவே இருந்தது.

"தப்பு என்னுதுங்க. மன்னிச்சுருங்க" என்றேன். சபையிலேயே, சத்தமாக.

சம்மந்தி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். சம்மந்தியம்மாதான், "பாலு பாஸாயிருச்சு. பையனுக்கும் ஒரு சொட்டு ஊத்திப் பாத்துருங்க, பின்னால ஒரு சொல் வரக்கூடாது" என்றார். மாப்பிள்ளை சட்டென்று எழுந்து என் முன்னால் உள்ளங்கையை நீட்டினார். சுகன்யா சிரித்தாள். அப்புறம் கூடமே சிரித்தது. கடைசியாக, தாடையைத் தடவிக்கொண்டே சம்மந்தி, "தட்ட எடுங்க" என்றார்.

கறை போகாத வேட்டியோடுதான் தட்டு மாற்றினேன். நிச்சயத்துப் படம் எல்லாவற்றிலும் மாப்பிள்ளை வீட்டார் வெள்ளை, நான் மட்டும் நீலம்.

அந்த வாரமே அவர்கள் வீட்டுச் சிவலைப் பசு கிடாரிக் கன்று ஈன்றது. கோபம் மிச்சமிருந்ததோ, பாசம் தொடங்கிவிட்டதோ தெரியாது, சம்மந்தி அதற்கு 'அயோடின்' என்று பேர் வைத்துவிட்டார். இப்போது அது வளர்ந்து, வேளைக்கு ஒரு குடம் கறக்கிறது. நான் அங்கே போயிருக்கும்போது, தொழுவத்துப் பக்கம் நின்று சம்மந்தியம்மா "ஏ அயோடினு!" என்று கூப்பிடுவார். மாடு திரும்பிப் பார்ப்பதற்கு முன்னால் நான் திரும்பிவிடுகிறேன்.