பச்சை டிரில், நீல டிரில்

இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு டிரில் வாங்கியே தீருவது என்று அவர் சபதம் எடுத்துக்கொண்டார். சபதம் பழையதுதான். ஞாயிற்றுக்கிழமைதான் புதிது. இதற்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இதே சபதத்தைக் கேட்டுவிட்டுப் பேசாமல் போயிருந்தன.

அவர் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் தர ஆய்வாளர். இரண்டு பிஸ்கட்டைக் கொடுத்தால் எது அடுப்பில் அரை நொடி கூடுதலாக இருந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். தொழிற்சாலையில் அவருக்கு ‘ரிஜெக்ட் சார்’ என்று பெயர். அப்பேர்ப்பட்டவரை இரண்டு டிரில் மெஷின்கள் சேர்ந்து பைத்தியமாக ஆக்கிக்கொண்டிருந்தன.

ஒன்று பச்சை. ஒன்று நீலம். இரண்டும் ஒயர் இல்லாமல் பேட்டரியில் ஓடுபவை. இரண்டும் சுவரில் ஓட்டையும் போடும், ஸ்க்ரூவும் முடுக்கும். இரண்டும் பதினெட்டு வோல்ட். பச்சை முப்பது கிராம் எடை குறைவு. நீலம் நிமிஷத்துக்கு ஐம்பது சுற்று அதிகம். மற்றபடி விலையிலிருந்து உத்தரவாதம் வரை எல்லாம் ஒன்று. பெட்டியின் மேல் மெஷினைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற ஆள்கூட ஒரே ஆளோ என்று அவருக்குச் சந்தேகம். எட்டுப் பக்கத்துக்கு அட்டவணை போட்டுப் பார்த்தார். எட்டாம் பக்கத்தின் அடியில் மொத்த மதிப்பெண்: பச்சை 74, நீலம் 74.

எதற்கு இவ்வளவு பாடு என்றால், காரணம் இருக்கிறது. பதினெட்டு வருஷமாக அந்த வீட்டில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தது அவர் மனைவி. சோபா அவள் பார்த்தது. ஃபிரிட்ஜ் அவள் பார்த்தது. அவர் மூக்கின் மேல் இருக்கிற கண்ணாடியின் ஃப்ரேம்கூட அவள் பார்த்தது. அவராகப் பார்த்து, அவராக வாங்கி, ‘இது என்னுடையது’ என்று தூக்கிப் பிடிக்க ஒரு பொருளாவது வேண்டும் என்று அவருக்கு ஆசை. சின்ன ஆசைதான். ஆனால் தொண்டையில் மாட்டிய முள் மாதிரி போகாமல் நின்றது.

மனைவி ஆஸ்பத்திரியில் நாற்பது நர்சுகளுக்கு டியூட்டி போடுகிறவள். நாற்பது பேரும் தாங்கள் கேட்ட ஷிப்ட்தான் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டே வேலைக்கு வருவார்கள். அவள் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் ஜன்னலைக் காட்டினாள். அங்கே திரைச்சீலைக்குப் பதிலாக ஒரு படுக்கை விரிப்பு மூன்று வாரமாகக் கிளிப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

“ஏங்க, இந்தத் திரைக் கம்பியை மாட்டறதுக்கு ஒரு ஆளைக் கூப்பிட்டா கால் மணி நேர வேலை.”

“டிரில் வரட்டும்.”

“டிரில் என்ன வெளிநாட்டுல இருந்து நடந்தா வருது?”

“ரெண்டுல எதுன்னு இன்னும் முடிவாகலை.”

“என்னைக் கட்டிக்கறதுக்கு எத்தனை நாள் யோசிச்சீங்க?”

“ஒரு நாள்.”

“நினைச்சேன். சரி, ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம். அதுக்குள்ள எதுன்னு சொன்னா வாங்கிக்குங்க, நான் குறுக்கே வரலை. சொல்லலைன்னா ஆளைக் கூப்பிட்டுடுவேன். அப்புறம் இந்த வீட்டுல டிரில் பேச்சே எடுக்கக் கூடாது.”

நல்ல மனிதருக்கு அன்றைக்குத் தூக்கமே இல்லை. ஆனால் விடிவதற்குள் ஒரு யுக்தி கிடைத்துவிட்டது.

சனிக்கிழமை காலை கடை திறக்கும்போதே போய் நின்றார். கடைக்காரர் இவரைப் பார்த்ததும் உள்ளே போகப் பார்த்தார். மூன்று வாரமாகப் பதில் சொல்லிச் சொல்லி அவருக்கு நாக்கு உலர்ந்திருந்தது.

“சார், ரெண்டும் நல்லா இருக்கும் சார்.”

“எது இன்னும் நல்லா இருக்கும்?”

“உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன் சார். இந்தாங்க, ஆளுங்களுக்குக் காட்டறதுக்கு வச்சிருக்கற மெஷின் ரெண்டு இருக்கு. ரெண்டையும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. ஓட்டை போடற பிட்டும் தரேன். ஓட்டிப் பாருங்க. பிடிச்சதுல ஒரு புதுசு வாங்கிக்குங்க. பிடிக்கலைன்னா ரெண்டையும் திருப்பிக் குடுங்க. எனக்கு நிம்மதி மட்டும் குடுங்க.”

இதைத்தான் அவர் எதிர்பார்த்துப் போயிருந்தார். வீட்டுக்குள் மெஷின் ஒரு முறை நுழைந்துவிட்டால் போதும். கையில் பிடித்துப் பழகிய பொருளை யார் வெளியே அனுப்புவார்கள்? ஒரு கையில் பச்சை, ஒரு கையில் நீலம் என்று தெரு வழியாக அவர் நடந்து வந்தபோது மீசை தானாகவே முறுக்கிக்கொண்டது.

மனைவி முகம் சுளிப்பாள் என்று நினைத்தார். அவள் சுளிக்கவில்லை.

“ரெண்டையுமே கொண்டு வந்துட்டீங்களா? நல்லதாப் போச்சு. காப்பி குடிச்சிட்டு ஆரம்பிங்க.”

முதல் ஓட்டை பச்சையில். இரண்டாவது நீலத்தில். ஜன்னலின் இரண்டு பக்கமும் வெண்ணெயில் விரல் விட்ட மாதிரி இறங்கியது. கம்பி ஏறியது. திரைச்சீலை தொங்கியது. அவருக்குப் புல்லரித்தது. ஆனால் எது உசத்தி என்று தெரியவில்லை.

“ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு” என்றார் எரிச்சலோடு.

“ஒரு ஓட்டையை வச்சு எப்படிங்க சொல்றது? ஒரே ஒரு பிஸ்கட்டைக் கடிச்சுப் பார்த்துட்டா நீங்க லாரியை அனுப்புவீங்க?”

அவர் திரும்பிப் பார்த்தார். பதினெட்டு வருஷத்தில் அவள் அவர் தொழிலைப் பற்றி மரியாதையாகப் பேசியது இதுதான் முதல் தடவை. நெஞ்சு நிறைந்துவிட்டது.

“சபாஷ்! குறைஞ்சது பத்துப் பத்து ஓட்டையாவது போடணும். அப்பதான் சரியான சோதனை.”

“அதான் சமையலறைச் சுவர்ல பென்சில்ல புள்ளி வச்சிருக்கேன்.”

போய்ப் பார்த்தார். நான்கு புள்ளி. நூல் பிடித்த மாதிரி நேர்க்கோட்டில்.

“எப்ப வச்சே?”

“நீங்க கடைக்குப் போயிருந்தப்ப. நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க. பச்சைக்கு ஒண்ணு, நீலத்துக்கு ஒண்ணு. பாரபட்சம் கூடாது.”

நாலு ஓட்டை முடிந்தது. அவள் ஒரு பலகையை நீட்டினாள்.

“ஓட்டை போட்டா மட்டும் ஆச்சா? ஸ்க்ரூ முடுக்கறதுலயும் தெரியணும்ல?”

நியாயம்தானே. முடுக்கினார். பலகை அலமாரித் தட்டாக ஏறியது. “பாரம் தாங்குதான்னு பார்க்க வேண்டாமா?” என்று அவளே டப்பாக்களை எடுத்து அடுக்கினாள். அதுவும் நியாயம்தான். அவர் அட்டவணையில் ஒன்பதாம் பக்கம் திறந்து ‘பாரம் – இரண்டும் தாங்கின’ என்று எழுதினார்.

அதற்குப் பிறகு குளியலறையில் டைல்ஸ் எப்படி என்று பார்க்க வேண்டியிருந்தது. அங்கே கண்ணாடி ஏறியது. செங்கல்லையும் காங்கிரீட்டையும் ஒப்பிட வேண்டியிருந்தது. பால்கனியில் துணிக்கொடி ஏறியது. வாசலில் சாவி மாட்டுகிற கொக்கி, ஹாலில் கடிகாரம், படுக்கையறையில் அவள் தங்கை கல்யாண போட்டோ என்று சுவர் சுவராகச் சோதனை நடந்தது. எந்தச் சுவருக்குப் போனாலும் அவருக்கு முன்னால் பென்சில் புள்ளி போய் நின்றது. தலையெல்லாம் சிமெண்ட் தூள். மாவு மில்லிலிருந்து வந்தவர் மாதிரி இருந்தார்.

மத்தியானம் கீழ்வீட்டுக்காரர் மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார்.

“என்ன சார் இது? வீட்டை இடிக்கறீங்களா? காதுல ஈயத்தைக் காய்ச்சி ஊத்தற மாதிரி இருக்கு!”

இவர் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். மனைவி முந்திக்கொண்டாள்.

“நல்ல வேளை வந்தீங்க அண்ணே. உங்க வீட்டுச் சுவர் பழைய பூச்சுதானே? எங்களுது புதுப் பூச்சு. பழைய பூச்சுல ஓட்டிப் பார்க்காம சோதனை முடியாதுன்னு இவர் தவிச்சிட்டிருந்தார்.”

“நான் எங்கே…” என்று இவர் ஆரம்பித்தார். ஆரம்பித்ததோடு சரி.

கீழ்வீட்டுக்காரர் கோபத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் முழித்தார். பிறகு, “செருப்பு ஸ்டாண்டு ஒண்ணு ரெண்டு வருஷமா கீழேயே கிடக்குது” என்றார். அரை மணி நேரத்தில் அது சுவரில் ஏறிவிட்டது. அவர் பதிலுக்கு ஒரு தட்டு நிறைய பிஸ்கட் அனுப்பினார். இவர் தொழிற்சாலை பிஸ்கட்தான். போன மாதம் இவர் ரிஜெக்ட் செய்த ரகம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முப்பத்திரண்டாவது ஓட்டையோடு சோதனை முடிந்தது. அவருக்குத் தோள்பட்டை தனியாகக் கழன்று வந்துவிடும் போலிருந்தது. பதினாலாம் பக்கத்தில் கூட்டிப் பார்த்தார். பச்சை 212. நீலம் 212. பேனாவைத் தூக்கி எறிந்தார்.

“என்னதான் எழுதியிருக்கீங்க?” என்று மனைவி எட்டிப் பார்த்தாள்.

“எந்த வித்தியாசமும் இல்லைன்னு எழுதியிருக்கேன். போதுமா? தலையைப் பிச்சுக்கலாம் போல இருக்கு!”

“கையெழுத்துப் போட்டுட்டுக் கொஞ்சம் படுத்துக்குங்க. அசந்து போயிருக்கீங்க.”

சோதனை அறிக்கையில் கையெழுத்துப் போடாமல் அவர் எப்போதும் விட்டதில்லை. போட்டார். படுத்தார். கட்டை மாதிரி தூங்கினார்.

ஐந்தரை மணிக்கு விழிப்பு வந்தது. கூடவே தெளிவும் வந்தது. நீலம்! நீலத்தைப் பிடித்திருந்தபோது கை சந்தோஷமாக இருந்தது. இதற்கு எந்த அட்டவணையில் கட்டம் போடுவது? பதினெட்டு வருஷத்தில் முதல் முறையாக அவராக ஒரு முடிவுக்கு வந்திருந்தார். வேட்டி நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஹாலுக்கு ஓடினார்.

மேஜை காலியாக இருந்தது.

“மெஷின் எங்கே?”

“குடுத்துட்டு வந்துட்டேன்” என்றாள் மனைவி, புதுத் திரைச்சீலையின் மடிப்பைச் சரி செய்துகொண்டே.

“ரெண்டையுமா!”

“ரெண்டும் ஒண்ணுதான்னு எழுதி நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க? ஒண்ணை வாங்கினா இன்னொண்ணுக்கு அநியாயம் பண்ணின மாதிரி ஆயிடாதா? கடைக்காரர்கிட்ட அந்தப் பேப்பரைக் காட்டினேன். கண்ணுல ஒத்திக்கிட்டார்.”

“ஞாயித்துக்கிழமை இன்னும் முடியலையே!”

“கடை அஞ்சு மணிக்கு முடிஞ்சிடும்ங்க.”

“நான் முடிவு பண்ணிட்டேன். நீலம்! நாளைக்கே போய் வாங்கறேன்.”

“தாராளமா வாங்குங்க. எங்கே ஓட்டை போடப் போறீங்க?”

அவர் சுற்றிலும் பார்த்தார். ஹாலில் இடமில்லை. சமையலறைக்குப் போனார். குளியலறைக்குப் போனார். பால்கனியை எட்டிப் பார்த்தார். மாட்ட வேண்டியதெல்லாம் மாட்டியாகிவிட்டது. அவர் கையாலேயே மாட்டியாகிவிட்டது. அந்த வீட்டில் இனி ஒரு குண்டூசி குத்தக்கூடக் காரணம் இல்லை. அவருக்கு அழுகை வரும்போல இருந்தது.

அவள் காப்பி கொண்டு வந்து கையில் கொடுத்தாள்.

“முகத்தைத் தூக்கி வச்சுக்காதீங்க. உங்க சோதனையைப் பார்த்துக் கடைக்காரர் அசந்து போயிட்டார். அடுத்த சனிக்கிழமை புதுசா ரெண்டு மாடல் வருதாம். எது நல்லதுன்னு சார்தான் சொல்லணுமாம். எங்க அக்கா புது வீட்டுல ஒரு ஆணிகூட அடிக்கலை, எல்லாச் சுவரும் காலி. அங்கேயே வச்சு ஓட்டிப் பார்த்துடலாம்னு சொல்லியிருக்கேன்.”

“என்னை என்னன்னு நினைச்சே!” அவர் காப்பியை ‘டொக்’கென்று கீழே வைத்தார். “உங்க குடும்பத்துச் சுவருக்கெல்லாம் ஓட்டை போடவா நான் பொறந்தேன்? இனிமே இந்த ஜென்மத்துல டிரில்லைத் தொட மாட்டேன். தொட்டா என்னை ஏன்னு கேளு!”

சொல்லிவிட்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

“எத்தனை வோல்ட்டாம்?” என்றார்.