குழாய்க்குள் குடியேறிய சிப்பிகள்

சிவமயம்

அமராவதிபுதூர்
12-8-1971

சௌபாக்கியவதி மகள் நாகம்மைக்கு அப்பச்சி மெய்யநாதன் ஆசி கூறி எழுதுவது. இங்கு நான் சுகம். அங்கு நீயும், கல்லூரியில் விலங்கியல் நடத்தும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

“தனியாகக் கிடக்கிறீர்களே, மெட்ராசுக்கு வந்துவிடுங்கள்” என்று நீ எழுதியது கிடைத்தது. தனியாகவா! நான் பட்ட பாட்டைக் கேள். தெருக்குழாய்க்கெல்லாம் தண்ணீர் போகிற நம் ஊருணியில் எந்தப் புண்ணியவானோ வெளியூர் மீன்குஞ்சு கொண்டுவந்து விட, அதோடு நகமளவுச் சிப்பியும் வந்து, பெருகி, குழாய்க்குள் குடியேறிவிட்டது. தெருக்குழாய் எதிலும் சொட்டுத் தண்ணீர் இல்லை. குழாய் வேலை பார்க்கும் செம்மலை ஒரு துண்டை அறுத்துக் காட்டினான்; உள்ளே விரல் நுழைய இடமில்லை. ஒரு கைப்பிடிச் சிப்பியை என்னிடம் கொடுத்து, “பாருங்கய்யா, இதுதேன் ஊரையே தவிக்க விட்ருக்கு” என்றான். சிப்பியைக் கொல்லப் பஞ்சாயத்தில் மயில்துத்தம் கரைத்து ஊருணியிலும் ஊற்றி, குழாய் முழுக்கவும் நிறுத்தினார்கள். அது விஷம், எட்டு நாள் யாரும் குழாயையும் ஊருணியையும் தொடக்கூடாதென்று தமுக்கு அடித்தார்கள்.

பாவமென்று நம் வீட்டுக் கிணற்றைத் திறந்துவிட்டேன். அதுதான் தப்பு. நம் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறதா, முன்வாசலில் குடத்தோடு நுழைந்தவர்கள் திரும்பி நடக்கச் சோம்பல்பட்டுப் பின்வாசலைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தேன். அவ்வளவுதான், தண்ணீர் வேண்டாதவர்களும் குறுக்கு வழியென்று நடுமுற்றத்து வளவுக்குள் நடக்கிறார்கள், ஒருவர் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே போகிறார், பின்னால் ஆடு போகிறது, நான் ஈரத்தில் வழுக்கி விழுகிறேன், நாலு பேர் தூக்கிவிட்டு நாலு விதமான எண்ணெய் சொல்கிறார்கள். அடுத்த தெரு நீலாயதாட்சி தினமும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே, “செட்டியாரய்யா, சாப்பிட்டீகளா? என்ன கொழம்பு?” என்று விசாரணை. வெறும் ரசம் என்று சொல்லக் கூச்சமாக இருந்து கத்தரிக்காய், முருங்கைக்காய் என்று அளந்துவிட்டேன். நாலாம் நாள், “காட்டுங்க பாப்போம்” என்று அடுப்படிக்கே வந்துவிட்டாள். அன்றிலிருந்து கிண்ணத்தில் குழம்பு வந்தது.

எட்டு நாள் கழித்து, ஊருணியையும் குழாயையும் அலசிப் புதுத் தண்ணீர் விட்டார்கள். இரண்டிலும் சிப்பி ஒன்றுகூட மிச்சமில்லையாம். மறுநாள் முன்வாசலைத் திறந்துவைத்து மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. பின்வாசலையும் போய்ப் பார்த்தேன், திறந்துதான் இருந்தது. உன் ஆத்தா போன அன்றுகூட இந்த வீடு இவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை, நாகம்மை.

போகட்டும், தொல்லை ஒழிந்தது, நிம்மதியாக இருக்கிறேன். என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். இருவரும் ஒரு குறையுமின்றி வாழுங்கள்.

அப்பச்சி,
மெய்யநாதன்

பி.கு.: செம்மலை கொடுத்த சிப்பி பதினேழையும் அன்றே ஊறுகாய் ஜாடியில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிப் போட்டு வைத்திருந்தேன். எல்லாம் உயிரோடுதான் இருந்தன. இன்று காலை ஊருணிக்குப் போய், குழாய் தண்ணீர் எடுக்கிற பக்கமாகப் பார்த்து விட்டுவிட்டு வந்தேன். இவை பெருக எத்தனை நாள் பிடிக்கும் என்று மாப்பிள்ளையிடம், காரணம் சொல்லாமல், கேட்டு எழுது.