அறுபது பேர் ஓடிய மைதானம்

காலை ஆறு மணிக்கு மைதானத்தில் இருந்தது ஒரே ஒரு மாணவன். அவனும் ஓட வந்தவன் இல்லை. ஹாஸ்டலுக்குள் சிக்னல் கிடைக்காததால் போனில் பேச வந்தவன். விசில் சார் மனசைத் தேற்றிக்கொண்டு அவனையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

வேறு வழி? வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழு மைதானத்தைப் பார்வையிட வருகிறது. அன்று காலையில் முப்பது பேராவது ஓடிக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இது கார் நிறுத்தும் இடமாகிவிடும் என்று கல்லூரி முதல்வர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். கெட்ட மனுஷி இல்லை அவர். "சும்மா கிடக்கிற இடம்தானே சார்" என்றார், அவ்வளவுதான். அந்தச் 'சும்மா'தான் சாருக்குப் பொறுக்கவில்லை.

முப்பது வருஷமாக இங்கே உடற்கல்வி ஆசிரியர். ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம். போகிற காலத்தில் கார்களுக்கு விசில் ஊதி, "வரலாம், வரலாம், இன்னும் கொஞ்சம் பின்னாடி" என்று சொல்லிவிட்டா வீட்டுக்குப் போவது?

ஒரு காலத்தில் இந்த மைதானம் எப்படி இருந்தது என்று யாரிடம் சொல்ல. சார் வந்து சேர்வதற்குள் அறுபது பையன்கள் நிற்பார்கள். தூக்கம் கலையாத முகங்கள், சீவாத தலைகள், ஆனாலும் ஓடுவார்கள். குளிரில் பல் கிட்டும், ஓடுவார்கள். பரீட்சை நாளில் ஓடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகூட ஓடினார்கள் ஐயா! அவர்கள் கிளப்பிய புழுதியில் எதிர்ப்பக்கக் கம்பம் தெரியாது. அதிலே ஒருவனுக்கு எக்ஸ்பிரஸ் என்றே பேர் விழுந்துவிட்டது. பன்னிரண்டு சுற்று முடிக்காமல் நிற்க மாட்டான். அத்தனையும் தன் விசிலுக்குக் கிடைத்த மரியாதை என்றுதான் சார் நம்பிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை ஒரு நோட்டைக் கொண்டுவந்து வைத்தார். ஓட வந்து கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு வருகைப் பதிவில் சலுகை என்று அறிவித்தார். மறுநாள் நோட்டில் நாற்பது கையெழுத்து இருந்தது, மைதானத்தில் நான்கு தலை இருந்தது. நாற்பதையும் அந்த நான்கு பேரே பொறுப்பாகப் போட்டு முடித்திருந்தார்கள். போட்ட களைப்பில் இரண்டு பேர் புல்லில் படுத்துவிட்டார்கள்.

சரி, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பாட்டு வேண்டும் போல என்று செவ்வாய் சாயங்காலமே பெரிய ஸ்பீக்கர் ஒன்றை வாடகைக்கு எடுத்துப் போட்டார். கூட்டம் வந்தது. வந்து நின்ற இடத்திலேயே ஆடியது. ஒரு அடி முன்னால் நகரவில்லை. அதற்குள் பேராசிரியர்கள் குடியிருப்பிலிருந்து புகார் போய், முதல்வர் கூப்பிட்டு அனுப்பினார்.

"கார் நின்னா இவ்ளோ சத்தம் வராது சார்" என்றார், வருத்தமாகத்தான்.

புதன்கிழமை, ஊரில் உடற்பயிற்சிக்கூடம் நடத்தும் ஒரு கட்டுமஸ்தான ஆளை அழைத்துவந்தார். அவன் சட்டையைக் கழற்றிப் புஜத்தை உருட்டிக் காட்டினான். ஐம்பது பேர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். சாருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வியாழக்கிழமை காலை மைதானத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. மொத்தப் பேரும் அந்த ஆளின் கூடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அங்கே ஏசி உண்டு, சுவர் முழுக்கக் கண்ணாடி உண்டு. சிக்னல் பையனையும் காணோம். வைஃபை இலவசமாம்.

கடைசியாக சார் எக்ஸ்பிரஸுக்குப் போன் போட்டார். பழைய மாணவன், இப்போது வங்கி மேலாளர். நாலு வார்த்தை உருக்கமாகப் பேசினால் பையன்களின் மனசு மாறாதா? வியாழன் மதியம் கூட்ட அரங்கத்தில் முதலில் ஒரு வயிறு நுழைந்தது, பின்னாலேயே எக்ஸ்பிரஸ் நுழைந்தார். சார் அதிர்ச்சியைக் காட்டிக்கொள்ளாமல், பன்னிரண்டு சுற்றுப் பெருமையைப் பத்து நிமிஷம் எடுத்துச் சொன்னார். சிக்னல் பையன் எழுந்தான்.

"அங்கிள், உங்கள அப்படி ஓட வெச்சது எது?"

எக்ஸ்பிரஸ் சாரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"உண்மையச் சொல்லட்டுமா? தண்ணி." அரங்கம் கொல்லென்று சிரித்ததும் பதறிப்போய், "குளிக்கிற தண்ணிப்பா" என்றார்.

பிறகு எல்லாவற்றையும் போட்டு உடைத்தார். அந்த நாளில் ஹாஸ்டலில் காலையில் சொட்டுத் தண்ணீர் வராதாம். வளாகத்துக்கே மைதானத்து மூலைக் குழாய்தான் கதி, அதுவும் முக்கால் மணி நேரம். யார் அதிகம் ஓடுகிறானோ அவனுக்கே முதல் குளியல் என்று சாரே சட்டம் போட்டிருந்தார், அவருக்குத்தான் அது மறந்துபோயிருந்தது. ஓடாதவன் தலையில் சோப்போடு வகுப்புக்குப் போக வேண்டியதுதான்.

சாருக்கு முகம் செத்துவிட்டது. அதைப் பார்த்த எக்ஸ்பிரஸ் குரல் தழுதழுக்க, "ஆனா சார், அந்த மாதிரி ஒரு காலை நேரம் அப்புறம் எனக்கு வரவே இல்ல. இப்ப வீட்ல மூணு பாத்ரூம். ஒண்ணுலயும் அந்த சுகம் இல்ல" என்றார். சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினார்.

சாருக்கும் கண் கலங்கியது. முப்பது வருஷப் பெருமை ஒரு குழாயோடு போயிற்றே என்று தலையைத் தொங்கப்போட்டார். அப்புறம் சட்டென்று நிமிர்ந்தார். அட, குழாய் இன்னும் அங்கேயேதானே இருக்கிறது?

அரங்கத்துக்குப் பின்னால், சார் வேலைக்குச் சேர்ந்த வருஷமே சேர்ந்த கல்லூரி பிளம்பர் தன் கொட்டகையில் ஒரு பழைய குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தார். சார் மூச்சு வாங்க ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னார். நாளைக் காலை ஹாஸ்டல் தண்ணீரை அடைத்துவிட வேண்டும், மைதானத்துக் குழாயில் மட்டும் வர வேண்டும், நிர்வாகக் குழு வரும்போது ஹாஸ்டலே மைதானத்தில் நிற்கும்.

"அது முடியாது சார்."

"ஒரு மணி நேரந்தாம்பா. என் மைதானம் போயிடும்பா" என்று சார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிளம்பர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"மறந்துட்டீங்களா சார்? பசங்க ஓடிக் களைச்சு வந்து தண்ணிக்கு வரிசைல நிக்கறாங்க, பாவம்னு ஆபீஸுக்கு நடையா நடந்து ஹாஸ்டலுக்கு லைன் இழுக்க வெச்சதே நீங்கதான். பின்னாடி எந்த மடையனாவது வந்து அடைக்கச் சொல்லிடுவான்னு, அதுல தண்ணிய மூடற வால்வே போட விடாம பக்கத்துலயே நின்னதும் நீங்கதான்."