லேலம் மாமாவும் கேட்பாரற்ற நாற்காலிகளும்

திருவனந்தபுரத்தில் எந்த நாற்காலியும் அனாதையாகச் சாகவில்லை என்றால் அதற்கு லேலம் மாமா ஒருவர்தான் காரணம். இதை எந்தக் கோயில் வாசலில் வேண்டுமானாலும் நின்று சொல்வேன். அவர் வலியசாலையில் இருந்தவரை, கால் ஒடிந்தது, முதுகு போனது, பிரம்பு கிழிந்தது எல்லாவற்றுக்கும் போக்கிடம் ஒன்று இருந்தது. அந்தப் போக்கிடத்துக்கு நேர் எதிர் வீட்டில்தான் நான் குடியிருந்தேன்.

ஏலத்தை எங்கள் ஊரில் லேலம் என்பார்கள். மாமாவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். தபால்காரருக்குக்கூட அது மறந்துவிட்டது. சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதினார். அது வயிற்றுப்பாட்டுக்கு. மனசு முழுக்க ஏலத்தில் கிடந்தது. யுத்தத்துக்கு முந்தைய வருஷங்கள் அவை. நந்தன்கோட்டிலோ வழுதக்காட்டிலோ இருந்த துரை யாராவது சீமைக்குத் திரும்பினால், பங்களா முற்றத்தில் சாமான்களைப் பரப்பி ஏலம் விடுவார்கள். ஏலம் போடுகிறவர் ஒரு மலையாளி. மூணுதரம் பிள்ளை என்றுதான் எல்லோருக்கும் தெரியும். கையில் ஒரு சின்ன மரச் சுத்தி வைத்திருப்பார். அவர் ‘ஒரு தரம்’ என்று குரல் எடுத்தால் பக்கத்துப் பங்களாவில் தூங்குகிற நாய் எழுந்து உட்காரும்.

நான் அப்போது சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. கல்யாணம் ஆகாதவன், ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வது என்று தெரியாதவன். மாமா என்னைத் துணைக்கு அழைத்துப் போவார். சும்மா பார்க்கத்தான் போகிறோம் என்று ஒவ்வொரு தடவையும் மாமியிடம் சத்தியம் பண்ணிவிட்டுத்தான் படி இறங்குவார்.

அவர் சொன்னது பொய்யும் இல்லை. ஏலத்தில் நல்ல சாமான்களை அவர் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். ஈட்டி மரத்தில் கடைந்த மேஜைக்கு வக்கீல்களும் வியாபாரிகளும் அடித்துக்கொள்ளும்போது, மாமா மாமரத்தடியில் நின்று வெற்றிலை போடுவார். கடைசியில் பிள்ளை ஒரு நொண்டி ஸ்டூலைத் தூக்கிக் காட்டி விலை கேட்பார். ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். அங்கேதான் மாமாவுக்கு வேதனை ஆரம்பிக்கும். கழுத்தைச் சொறிவார். மேல்முண்டால் முகத்தைத் துடைப்பார். ‘ரெண்டு தரம்’ என்று பிள்ளை சொல்லி முடிப்பதற்குள் மாமாவின் கை மேலே போயிருக்கும்.

"எதுக்கு மாமா இது?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"நாலு பேர் கூடின சபையிலே நிறுத்தி வச்சு, வேணுமா வேணுமான்னு கேட்டு, ஒருத்தருமே வேண்டாம்னா அதுக்கு எப்படி இருக்கும், கேட்டேளா?"

"எதுக்கு?"

"ஸ்டூலுக்குத்தான்."

நான் வண்டிக்காரனைக் கூப்பிடப் போனேன்.

வாங்கிய சாமான் நேராக வீட்டுக்குள் வந்துவிட முடியாது. துரை உட்கார்ந்த சாமான். கொல்லைப்புறமாகக் கொண்டுபோய்க் கிணற்றடியில் மஞ்சள் நீர் விட்டுக் கழுவிய பிறகுதான் உள்ளே சேர்ப்பார்கள். மர நாற்காலிக்கு அது சரி. ஒரு தடவை மாமா, மெத்தை வைத்துத் தைத்த பெரிய சோபா ஒன்றைக் கொண்டுவந்தார். ஆசாரத்தில் மர நாற்காலிக்கு ஒரு நியாயம் சோபாவுக்கு ஒரு நியாயமா என்று கேட்டு, குடம் குடமாகத் தண்ணீர் விட்டுக் கழுவினார். உள்ளே அடைத்திருந்த நார் தண்ணீரைக் குடித்து வீங்கிப் போயிற்று. கர்க்கடக மாதத்து மழை வேறு. மழை விட்டபோது சோபாவில் காளான் முளைத்திருந்தது. அதை வைத்துக் குழம்பு வைக்கலாமா என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரரோடு மாமா வெகு நாள் பேசவில்லை.

இன்னொன்று, தொப்பி மாட்டுகிற ஸ்டாண்ட். தலையில் நிஜமான மான் கொம்பு வைத்தது. எங்கள் தெருவில் தொப்பி ஏது? மாமா அதில் மடித் துணி உலர்த்த ஆரம்பித்தார். எங்கள் தெருச் சாஸ்திரிகள் வீட்டுக்கே வந்து, செத்த மிருகத்தின் கொம்பில் மடி உலர்த்துவது அடுக்காது என்று கோபித்துக்கொண்டார். மாமா பதறவில்லை. மான் தோலில் உட்கார்ந்து ஜபம் பண்ணலாம், மான் கொம்பில் வேஷ்டி உலர்த்தக் கூடாதா என்று பணிவாகக் கேட்டார். சாஸ்திரிகள் யோசித்துச் சொல்வதாகப் போனவர்தான்.

இப்படியே வீடு நிறைந்தது. எங்கள் தெரு வீடுகள் அகலம் குறைந்தவை. ஒரு பீரோ வாசல் வழியாக நுழையாமல், கூரை ஓட்டைப் பிரித்து மேலிருந்து இறக்கப்பட்டது. கூடத்தில் ஊருக்கே போதுமான நாற்காலிகள் இருந்தன. நிம்மதியாக உட்காரத்தான் ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டம். இதில் இடப்பக்கம் சாயக் கூடாது. இதில் சிரிக்கக் கூடாது. அதில் உட்காரலாம், எழுந்திருக்கும்போது மட்டும் ஒருவர் பின்னால் பிடித்துக்கொள்ள வேண்டும். வருகிறவர்கள் மரியாதையாக நின்றுகொண்டே பேசிவிட்டுப் போவார்கள்.

விளையாட்டாக இருந்த விஷயம் வினையாகப் போனது மாமாவின் ஒரே பெண் கோமதி விஷயத்தில். அவளைப் பார்க்க முதலில் வந்தவர்கள் திருநெல்வேலிக்காரர்கள். மாப்பிள்ளைப் பையனின் சித்தப்பா சட்டம் தெரியாமல் ஒரு பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, அடி வழியாக உள்ளே போய்விட்டார். நானும் மாமாவும் ஆளுக்கொரு கை பிடித்து இழுத்தோம். பெண் லட்சணமாகத்தான் இருக்கிறாள், வீடுதான் சரியில்லை என்று ஊர் போய்ச் சொல்லி அனுப்பினார்கள். கோமதி அன்று முதல் கூடத்துப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள். மாமாவுக்கு அது உறைத்தது.

அடுத்ததாக நாகர்கோவிலிலிருந்து ஒரு ஜாதகம் பொருந்தி வந்தது. வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். மாமி வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ளே இதெல்லாம் வெளியிலே போகணும். இல்லேன்னா நானும் கோமதியும் வெளியிலே போறோம். இந்தச் சம்பந்தமும் தட்டிப்போச்சுன்னா அவ ஜன்மத்துக்கும் உம்மை மன்னிக்க மாட்டா."

விறகுக் கடைக்குப் போட்டுவிடலாம் என்று தெருவில் யாரோ யோசனை சொன்னார்கள். மாமா அவர்களைக் கொலைகாரர்களைப் பார்ப்பது போல் பார்த்தார். பிறகு அவரே வழி கண்டுபிடித்தார். மூணுதரம் பிள்ளையை அழைத்துத் தம் வீட்டு வாசலிலேயே ஏலம் போட ஏற்பாடு செய்தார். நல்ல மனுஷர்கள் வீட்டுக்குப் போய்ச் சேரட்டும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை தெருவே கூடிவிட்டது. வேடிக்கை பார்க்கத்தான். எந்தச் சாமானுக்கு எந்த இடத்தில் நோவு என்று எல்லோருக்கும் தெரியும், யார் வாங்குவார்கள்? பிள்ளை முதலில் ஒரு மூன்று கால் முக்காலியைத் தூக்கினார். மூன்று கால் முக்காலிக்கு நியாயம்தானே என்று நினைக்காதீர்கள். அது நாற்காலியாகப் பிறந்தது. பிள்ளை விலை கேட்டார். ஒரு தரம் என்றார். தெரு கம்மென்று இருந்தது. ரெண்டு தரம் என்றார். கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு கை உயர்ந்தது. மாமாவின் கை.

பிள்ளை சுத்தியைக் கீழே வைத்துவிட்டார். "சாமீ, சாமியோட சாமானைச் சாமி தன்னே விலை விளிச்சா எங்ஙனே சரியாகும்?"

"எனக்கும் தெரியறது பிள்ளே. கை கேக்க மாட்டேங்கறது."

அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. மாமா தம் சாமானைத் தாமே வாங்கிக்கொண்டிருந்தார். பிள்ளைக்குத் திருவிதாங்கூர்ச் சக்கரக் காசாகத் தரகு ஏறிக்கொண்டிருந்தது. வீட்டை விட்டு வெளியேறிய ஒவ்வொரு சாமானும் கொல்லை வழியாகத் திரும்பி உள்ளே போயிற்று. தெருவில் சிரிக்காதவர் இல்லை. நானும் சிரித்தேன். ஆனால் கதவிடுக்கில் கோமதியின் முகம் தெரிந்தது. அவள் சிரிக்கவில்லை. நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் மாமாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன்.

மான் கொம்பு ஸ்டாண்டை வெளியே கொண்டுவந்தார்கள். பிள்ளை ஒரு தரம் என்றார். மாமாவின் கை என் பிடிக்குள் துடித்தது. கண்களை இறுக மூடிக்கொண்டார். பிள்ளை ரெண்டு தரம் என்றார். மாமாவின் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. நான் அப்போது சிரிப்பதை நிறுத்திவிட்டேன்.

"நாலு சக்கரம்."

குரல் வீட்டுக்குள்ளிருந்து வந்தது. மாமியின் குரல்.

ஆண்கள் கூடியிருக்கும் வாசலில் மாமி வாய் திறந்து பேசி அதுவரை யாரும் கேட்டதில்லை. அந்த ஸ்டாண்டைக் கண்டாலே அவளுக்கு ஆகாது என்பது ஊரறிந்த விஷயம். மாமா கண்ணைத் திறந்து கதவைப் பார்த்தார். பிள்ளைக்குச் சுத்தியைத் தூக்கவே மறந்துவிட்டது. பின்னால் ஒரு நாள் மாமியிடம் காரணம் கேட்டேன். அவர் மூஞ்சியைப் பார்த்தேன், அவ்வளவுதான் என்றாள்.

அன்று மாமிக்கு அடுத்து விலை கேட்டவர் சாஸ்திரிகள். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அஞ்சு சக்கரம் என்றார். எதற்கு என்று அவர் சம்சாரம் கேட்டதற்கு, யோசித்துப் பார்த்ததில் தோஷமில்லை என்று பதில் சொன்னார். அப்புறம் தெருவுக்குச் சன்னதம் வந்துவிட்டது. குழம்பு வைக்கக் கேட்ட பக்கத்து வீட்டுக்காரர் சோபாவை எடுத்தார். நான் இடப்பக்கம் சாயக் கூடாத நாற்காலியை எடுத்தேன். மாமா திரும்ப வாங்கி வைத்திருந்தவைகூட மறுபடி வெளியே வந்து விலைபோயின. ஒன்றுக்குக்கூட மாமா கை தூக்க நேரவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குள் வீடு காலி. பீரோ மட்டும், இறக்கின வழி அடைத்துவிட்டதால், உள்ளேயே தங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை நாகர்கோவில்காரர்கள் வந்தார்கள். கூடத்தைப் பெருக்கி, மெழுகி, ஜமக்காளம் விரித்திருந்தது. மாப்பிள்ளைப் பையனின் தகப்பனார் நல்ல ஸ்தூல சரீரம். ஜமக்காளத்தைப் பார்த்தார், சுற்றிலும் பார்த்தார், நின்றுகொண்டே இருந்தார்.

"எனக்கு முட்டு மடங்காது. ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கோ."

மாமா மாமியைப் பார்த்தார். மாமி மாமாவைப் பார்த்தாள். உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்த கோமதியின் கை அப்படியே நின்றது. அந்த வீட்டில் உட்கார ஒரு நாற்காலி இல்லை. இதுவும் போச்சு என்று எனக்கே தோன்றிவிட்டது. எதிரே என் வீட்டுக்கு ஓடினேன், என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். வாசலில் நுழைய முடியவில்லை. தெருவே ஜன்னலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது போல. சாஸ்திரிகள் ஒரு ஸ்டூலோடு வந்தார். அவர் பின்னால் இரண்டு பிரம்பு நாற்காலிகள், ஒரு சாய்வு நாற்காலி. சோபாவை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கூடம் ஒரு நிமிஷத்தில் பழையபடி ஆகிவிட்டது. ஒவ்வொருவரும் நாகர்கோவில்காரர் காதில் தத்தம் நாற்காலியின் சட்டத்தை மெதுவாகச் சொல்லிவிட்டு விலகினார்கள்.

அவர் நிதானமாகப் பார்த்து, என் நாற்காலியில் உட்கார்ந்தார். அது நீளமாக முனகியது. நாற்காலி தாங்கிவிட்டது. அவர் வலப்பக்கமாகச் சாய்ந்துகொண்டு, இத்தனையும் யாருடையது என்று விசாரித்தார்.

விலை கொடுத்து வாங்கிய நாங்கள் எல்லோரும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தோம். ஒருவர்கூட என்னுடையது என்று முன்வரவில்லை. மாமிதான் சொன்னாள்.

"எங்காத்துதுதான். எல்லாமே எங்காத்துது."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். கோமதி காபியோடு வெளியே வந்தாள். அந்தத் தையிலேயே கல்யாணம் நடந்தது.

அன்று கொண்டுவந்த நாற்காலிகளை யாரும் திரும்ப எடுத்துப் போகவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாமா தாராளமாகக் கொடுத்திருப்பார். ஆனால் என் வீட்டில் அந்த நாற்காலிக்குச் சௌகரியமாக இருக்குமா என்று முதலில் விசாரித்திருப்பார். என்னையும் அப்படிச் சௌகரியமா என்று ஒருவர் விசாரித்த காலம் அந்தத் தெருவில் நான் இருந்த காலம்தான்.