சென்னியம்மாள் இறக்கி வைத்த எடை

நாமக்கல் பக்கத்து ஒன்றியம் ஒன்றில், 1983-ஆம் ஆண்டு, பெண்களின் உடல்நலத்தை இனியும் பெண்களிடமே விட்டுவைப்பது முறையல்ல என்று அலுவலகம் முடிவு செய்தது. ஒவ்வொருத்தியையும் எடை போட்டு, அவளவள் உடம்புக்கேற்ற உணவையும் பயிற்சியையும் அட்டையில் எழுதித் தருவது திட்டம். நாற்பது கிலோவுக்குக் கீழே இருந்தால் தினம் ஒரு முட்டை இலவசம்.

அந்த ஒரு முட்டைக்காகத்தான் சென்னியம்மாள் காத்திருந்தாள். கோழிப்பண்ணையில் நாளெல்லாம் முட்டை பொறுக்குகிறவள். ஒன்றைக்கூட வாயில் வைத்ததில்லை. உடம்பில் ரத்தமில்லை, முட்டை சாப்பிடு என்று டாக்டரம்மா சொல்லி ஆறு மாதம் ஆகிறது. தலைசுற்றல் மட்டும் நாள் தவறாமல் அவளோடு வேலைக்கு வந்தது.

எடை போடும் முகாம் நடந்ததும் அதே பண்ணையில்தான், தீவனத் தராசில். அவள் முறை வந்தபோது தலையில் தீவன மூட்டை. இறக்கினால் மறுபடி தூக்கிவிட ஓர் ஆள் வேண்டும். ஆகவே கொட்டகை போய்ச் சேரும்வரை மூட்டையை இறக்கக் கூடாது என்பது பண்ணைச் சட்டம்.

"ஏறு அம்மிணி, நேரமாச்சு" என்றார் விரிவாக்க அலுவலர் வேலுசாமி.

ஏறினாள். அறுபத்தாறு கிலோ.

"மூட்டையோட சேத்தி காட்டுதுங்க..."

"அட்டையில மூட்டைக்குக் கட்டமில்ல. தராசு காட்டறதத்தான் நான் எழுதோணும்."

அட்டை வந்தது. முட்டை, நெய், கடலை அறவே விலக்கு. தினம் நாலு மைல் நடை. பசித்தால் வெந்நீர். அவள் ஏற்கெனவே அப்படித்தான் வாழ்கிறாள் என்று எழுதவும் அதில் கட்டமில்லை. மனுக் கொடுத்தாள். 'தங்கள் எடை குறைந்தபின் பரிசீலிக்கப்படும்' என்று பதில் வந்தது.

மூன்று மாதம் கழித்து மறு எடை. இந்த முறை விவரமாக வெறுந்தலையோடு ஏறினாள். முப்பத்துநான்கு.

"முப்பத்திரண்டு கிலோ கொறஞ்சிருக்குது!" வேலுசாமிக்குக் கண் கலங்கிவிட்டது.

"இப்பவாச்சும் முட்டை குடுங்க சாமி."

"முட்டையா? அத உட்டதாலதானே இந்தச் சாதனை! மறுபடி ஏறிப்போச்சுன்னா என்ர வேலை என்னாகறது?"

விழா எடுத்தார்கள். மாலை, சால்வை. எப்படி இளைத்தாய் என்று மேடையில் கேட்டார்கள்.

"மூட்டைய எறக்கி வெச்சனுங்க. வேற ஒண்ணுமில்லீங்க."

கைதட்டல் அடங்கவில்லை. 'பயிற்சி: மூட்டை இறக்குதல்' என்று வேலுசாமி குறித்துக்கொண்டார்.

மகளிர் மன்றத்து அம்மாக்களுக்கு அன்றே மோகம் பிடித்தது. இறக்க வேண்டுமென்றால் முதலில் ஏற்ற வேண்டுமல்லவா? அடுத்த முகாமுக்குப் பட்டுச்சேலையும் தீவன மூட்டையுமாக வந்து நின்றார்கள். அவர்களைப் பார்த்துக் கூலிக்காரிகளும் மூட்டையோடு வந்தார்கள். அறுபதுக்குக் கீழே ஒருத்தியும் இல்லை. சென்னியம்மாளோ சாதனையாளர் பட்டியலுக்குப் போய்விட்டவள், கணக்கில் வரமாட்டாள். 'இவ்வொன்றியத்தில் மெலிந்த பெண் எவருமிலர்' என்று எழுதி முட்டையை நிறுத்தினார்கள்.

அந்த முகாமில் அத்தனை மூட்டைகளையும் தலையில் தூக்கிவிட ஆள் வேண்டுமே? அதற்கு சென்னியம்மாளைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். கண் இருட்ட இருட்ட ஒவ்வொரு தலையிலும் ஏற்றிவிட்டாள். கடைசியாக நின்றவர் பண்ணைக்காரர் மனைவி சாரதாமணி. மூட்டையை வாங்கிக்கொண்டு, அவள் ஒட்டிய வயிற்றைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"உனக்கென்ன சென்னி, குடுத்து வெச்ச ஒடம்பு!"