தலையாரி வீட்டில் நாய் உண்டு

சந்தேகம் ஒரு வியாதி என்று சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் அது பரம்பரை உத்தியோகம்.

என் கொள்ளுத்தாத்தா மேலகரத்தில் தலையாரியாக இருந்தவர். தோளில் கம்பளி, கையில் கம்பு. களத்து நெல்லுக்கும் ஊர்த் தெருவுக்கும் அவர்தான் காவல். அவரோடு வேலை போய்விட்டது, பெயர் போகவில்லை. எங்கள் வீடு இன்றைக்கும் தலையாரி வீடு. கல்யாணப் பத்திரிகையிலும் ‘தலையாரி’ என்று போட்ட பிறகுதான் எங்கள் பெயர் வரும். நான் தலையாரி குத்தாலிங்கம். எட்டாம் வகுப்பு வரை படித்தேன். தென்காசியில் விசேஷ வீடுகளுக்கு அண்டா, குண்டா வாடகைக்குக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன்.

இந்தப் பெயரை ஆளுக்கொரு விதமாக எடுத்துக்கொள்வார்கள். கிராம அலுவலக உதவியாளரையும் தலையாரி என்று சொல்வதால், வருமானச் சான்றிதழ் கேட்டு மாதத்துக்கு இரண்டு பேராவது என் வாசலில் வந்து நிற்பார்கள். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த வங்கி அதிகாரி ஒருவர், ஊருக்கே தலைவர் என்று நினைத்து எழுந்து நின்று நாற்காலி போட்டார். பக்கத்தில் இருந்தவர் அவர் காதில் என்னவோ சொன்னார். அவர் உட்கார்ந்துவிட்டார், நான் நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டேன். பள்ளிக்கூடத்தில் யாருடைய பென்சில் தொலைந்தாலும் முதலில் என் பையைத்தான் கொட்டுவார்கள். “ஓடின கள்ளன் தலையாரி வீட்டுல ஒளிஞ்சானாம்லா!” என்று பழமொழி வேறு.

சொந்தக்காரர்களுக்கு மட்டும் ஒரே அர்த்தம்தான். கல்யாண வீட்டில் செருப்புக்கு நான் காவல். சாரல் காலத்தில் குடும்பத்தோடு ஐந்தருவிக்குப் போனால் துணிமணிக்கு நான் காவல். “தலையாரி இருக்காருல்லா, அவரு பாத்துக்கிடுவாரு” என்று சொல்லிவிட்டு எல்லாரும் அருவிக்குள் ஓடிவிடுவார்கள். குற்றாலத்துக்குக் கூப்பிடு தூரத்தில் பிறந்து வளர்ந்த நான், ஐம்பது வயது வரை ஐந்தருவியில் கால் மட்டும்தான் நனைத்திருக்கிறேன்.

பெயர் சொல்லிச் சொல்லி ரத்தத்திலும் ஏறிவிட்டது. மின்சார மீட்டர் பார்க்க வந்த பெண்ணை அடையாள அட்டை கேட்டு அரைமணி நேரம் வெயிலில் நிறுத்தி வைத்திருக்கிறேன். கோயிலில் கும்பிடும்போதுகூட ஒரு கண்ணை முக்கால்வாசிதான் மூடுவேன். (செருப்பு வெளிய கிடக்குதுல்லா!) குற்றாலநாதருக்கு என்னைத் தெரியும், மன்னிப்பார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

என் ஒரே மகள் குழல்வாய்மொழி. அம்மன் பெயர்தான், வீட்டில் மொழி என்று கூப்பிடுவோம். அப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது. ஜாதகத்தில் செவ்வாய். மூன்று இடம் வந்து மூன்றும் தட்டிப்போயிருந்தது. என் மனைவி உலகம்மாள் வெள்ளிக்கிழமை தவறாமல் விரதம் இருந்து பாதியாகிவிட்டாள். நாலாவதாக ஓர் இடம் தகைந்து வந்தது. பையன் பட்டாளத்தில் இருக்கிறான், பாவூர்சத்திரம் பக்கம். பொருத்தம் நன்றாக இருந்தது. தரகர் படம் கேட்டார். மொழி தனியாக எடுத்த படம் நன்றாக இல்லை என்று, இலஞ்சிக் கோயில் தேரன்று மூன்று பேருமாக எடுத்த படத்தைக் கொடுத்து அனுப்பினோம்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. சாரல் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது. இலஞ்சிக் குமாரரைக் கும்பிட்டுவிட்டு, நெற்றி நிறையத் திருநீறோடு மேலகரம் முக்கு டீக்கடையில் நின்றேன். பெஞ்சில் இரண்டு வெளியூர் ஆட்கள். ஒருவருக்கு அறுபது வயது இருக்கும். ஒட்ட வெட்டிய முடி, முறுக்கிய மீசை, மடக்கிய குடை. கடைக்குள் யார் வந்தாலும் தலை முதல் கால் வரை ஒரு பார்வை பார்த்தார். மற்றவர் ஒல்லி. மடியில் ஒரு மஞ்சப்பை.

பெரியவர் டீக்கடைக்காரரிடம் கேட்டார்: “இங்கன தலையாரி வீடு எது?”

என் காது நிமிர்ந்தது.

“வீட்டு வாசல் வரைக்கும் வேன் போகுமா?”

(வேன்! அள்ளிக்கொண்டு போவதற்கு!)

டீக்கடைக்காரர் என்னைப் பார்த்து வாயைத் திறந்தார். நான் கண்ணைக் காட்டி அவர் வாயை அடைத்துவிட்டுப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். எங்கள் தெருவில் அந்த மாதம்தான் ஒரு வீட்டில் ஓட்டைப் பிரித்து இறங்கியிருந்தார்கள். சீசன் கூட்டத்தோடு கூட்டமாக எவனெவனோ வருகிற காலம். கொள்ளுத்தாத்தாவின் கம்பளி என் தோளில் தானாக வந்து விழுந்த மாதிரி இருந்தது.

“தலையாரி வீட்டைப் பத்தியா கேக்கிய?” என்றேன். “எனக்கு நல்லாத் தெரியும்.”

பெரியவர் திரும்பி என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மீசையைத் தடவிக்கொண்டு, “அப்படியா! நீங்க யாரு அண்ணாச்சி?” என்றார்.

“நான் வழிப்போக்கன். சும்மா இந்தப் பக்கம் வந்தேன்.”

“சரி. வீட்ல எத்தனை பேரு?”

எங்கள் வீட்டில் மூன்று பேர்தான், அதில் இரண்டு பேர் பெண்கள். இதைக் கள்ளனிடம் சொல்லலாமா? “மூணு ஆம்பளப் பிள்ளைய உண்டு” என்றேன். “மூணு பேரும் இப்பதான் ஜெயில்ல இருந்து வந்திருக்கானுவ.”

ஒல்லியானவர் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

“தகப்பனாரு எப்படி?”

“அவனா? காலையிலேயே குடிச்சிட்டு அருவாளைத் தலைமாட்டுல வச்சிக்கிட்டுப் படுத்திருப்பான். யாரு எவருன்னு பாக்க மாட்டான்.”

(நெற்றியில் திருநீறு இன்னும் ஈரம் காயவில்லை. முருகா, வீட்டைக் காப்பாற்றத்தான் சொல்கிறேன், கணக்கில் வைக்காதே என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன்.)

“பொம்பளைய கழுத்துல காதுல போட்டிருப்பாங்களா?”

நேராகவே கேட்டுவிட்டான் பார்த்தீர்களா! “எல்லாம் கவரிங் வே! குந்துமணித் தங்கம் கிடையாது.”

“பொண்ணு?”

பெண்ணைப் பற்றி ஏன் கேட்கிறான்? அவள் எப்போது தூங்குவாள் என்று தெரிந்துகொள்ளத்தான். “அந்தப் பிள்ளைக்குத் தூக்கமே கிடையாது. எலி ஓடுனாலும் எந்திரிச்சு நின்னு ஊரையே கூட்டிரும். அது சத்தத்துக்குப் பயந்து பக்கத்து வீட்டுக்காரன் காலி பண்ணிட்டுப் போயிட்டான்.”

பெரியவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். கடைசியாக, “நாய் உண்டா?” என்றார்.

“உண்டாவா? கன்னுக்குட்டி தண்டியில ஒண்ணு கிடக்கு. போன மாசம்தான் போஸ்ட்மேனைக் கடிச்சுது.”

“ரொம்ப உபகாரம் அண்ணாச்சி” என்று எழுந்தார். “அப்படியே ஐந்தருவியில ஒரு குளியலைப் போட்டுட்டுக் கிளம்புதோம். பஸ் எங்கன நிக்கும்?”

ஊரைவிட்டே விரட்டிவிட்டேன் என்ற பெருமையில் பஸ் நிற்கும் இடத்தைக் கைகாட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். கொள்ளுத்தாத்தாகூட கம்பில்லாமல் இப்படி இரண்டு பேரை விரட்டியிருக்க மாட்டார்.

வீட்டில் உலகம்மாள் கூடத்தைக் கழுவிக் கோலம் போட்டிருந்தாள். மொழி கட்டுவதற்கு ஒரு பச்சைச் சேலையைக் கட்டிலில் எடுத்து வைத்திருந்தாள். நான் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். மூன்று பிள்ளைகள் வந்தார்கள், அருவாள் வந்தது, கவரிங் வந்தது. நாய் வந்த இடத்தில் உலகம்மாள் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

“அவுஹ குடை வச்சிருந்தாவளா?”

“ஆமா.”

“கூட ஒரு ஒல்லி ஆளு?”

“ஆமா. ஒனக்கு எப்படிட்டி தெரியும்?”

“மாப்பிள்ளைக்கு அப்பாவும் தாய்மாமாவும்! விசாரிக்கதுக்கு இன்னைக்கு ஆளு வரும்னு காலையிலதான் தரகர் போன் பண்ணுனாரு!”

“அதை ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“சொன்னா நீங்க வாசல்ல நின்னு வாரவன் போறவனை எல்லாம் மொறைப்பிய. அதனாலதான் சொல்லல. தலையாரி வீட்டுக்குக் கள்ளன் எதுக்கு? தலையாரியே போதும்!”

உள்ளேயிருந்து மொழி வந்தாள். “எனக்கு மூணு அண்ணன் இருக்கிறதே இன்னைக்குத்தாம்ப்பா தெரியுது” என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை. கட்டிலில் இருந்த பச்சைச் சேலையை எடுத்து, மடிப்புக் கலையாமல் பீரோவுக்குள் வைத்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஐந்தருவிக்குப் பறந்தேன். வழியெல்லாம் காசி விசுவநாதரையும் உலகம்மனையும் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டே போனேன். அங்கே கால் வைக்க இடமில்லாத கூட்டம். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் பக்கம், பலகையில், பெரியவர் உச்சி முதல் பாதம் வரை எண்ணெயோடு உட்கார்ந்திருந்தார்.

“என்ன அண்ணாச்சி, நீங்களும் குளிக்க வந்தியளா?” என்றார்.

என்ன சொல்வது என்று வழியில் யோசித்துக்கொண்டு வந்திருக்கலாம். யோசிக்கவில்லை. “காலையில நான் ஒரு வீட்டைப் பத்திச் சொன்னேம்லா, அது வேற தலையாரி வீடு” என்றேன்.

“ஓ! மேலகரத்துல எத்தனை தலையாரி வீடு?”

“ரெண்டு... இல்ல, ஒண்ணுதான். ஆனா ரொம்ப நல்ல வீடு. தகப்பனாரு ரொம்ப பக்திமான். வெத்தல பாக்குகூடத் தொட மாட்டாரு.”

“காலையில குடிச்சாருன்னியளே?”

“விட்டுட்டாரு.”

“எப்போ?”

“இப்பத்தான்.”

தேய்த்துக்கொண்டிருந்தவரே கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் விடவில்லை. “பொண்ணு தங்கம். சத்தம் போட்டு ஒரு வார்த்தை பேசாது. நல்லாத் தூங்கும்.”

“அந்த மூணு அண்ணனுவ?”

“அவனுவ இல்ல.”

“செத்துட்டானுவளா?”

“பொறக்கவே இல்ல அண்ணாச்சி!”

பெரியவர் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. ஒல்லியானவரைக் கூப்பிட்டு மஞ்சப்பையை வாங்கி என் கையில் கொடுத்தார். “ஒம்மளப் பாத்தா நம்பிக்கையான ஆளாத் தெரியுது. நாங்க தண்ணியில நின்னுட்டு வாரோம். இதைச் செத்த பாத்துக்கிடும்.”

ஐந்தருவியில் எனக்கு விதித்த வேலை அதுதானே! பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மேலே ஒரு துண்டு. சாரலில் நனைகிறதே என்று உள்ளே தள்ளப் போனால், அடியில் என் மகள் ஜாதகம். ஜாதகத்தோடு, எங்கள் மூன்று பேர் படம். நடுவில் நெற்றி நிறையத் திருநீறோடு நான்.

அருவிச் சத்தம் அப்படியே நின்றுபோன மாதிரி இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, கையில் இருந்த பையைப் போட்டுவிட்டு ஓடிவிடலாமா என்று தோன்றியது.

இரண்டு பேரும் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார்கள்.

“படத்தைப் பாத்தாச்சா?”

“பாத்தேன்.”

“நடுவுல நிக்கது யாரு?”

“நான்தான்.”

“அப்ப டீக்கடையில பேசுனது?”

“அதுவும் நான்தான்.”

“முப்பது வருசம் ஏட்டா இருந்து ரிட்டையர் ஆனவன் நான்” என்றார் பெரியவர். “களவாண்டு மாட்டுனவன்கூட வீட்டைப் பத்திக் கேட்டா உசத்தித்தான் சொல்லுவான். ஒம்மள மாதிரி தன் வீட்டையே நாறடிச்ச ஆளை நான் பாத்ததில்ல. எதுக்கு வே அப்படிச் சொன்னீரு?”

போலீஸ்காரரிடம் இனிமேலும் பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. “ஒங்களக் கள்ளன்னு நெனச்சிட்டேன் அண்ணாச்சி.”

ஒல்லியானவர் வாயைப் பொத்திக்கொண்டு பாறைப் பக்கம் திரும்பிவிட்டார். ஏட்டையா சிரிக்கவில்லை. “என்னையவா?” என்றார். “கள்ளன்னா?” சட்டையை மாட்டினார். பையை வாங்கி, ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துக்கொண்டார். “பாப்போம்” என்ற ஒரே வார்த்தையோடு பஸ் ஏறிவிட்டார்.

ஒன்பது நாள் தகவல் இல்லை. தரகர் என் போனை எடுக்கவில்லை. உலகம்மாள் எனக்குச் சோறு வைப்பாள், பேசமாட்டாள். மொழி வழக்கம்போலப் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் எடுக்கப் போவாள், வருவாள், சிரிப்பு மட்டும் இல்லை. நான் தினமும் கோயிலில் நின்றேன். இரண்டு கண்ணையும் முழுசாக மூடிக் கும்பிட்டேன். அந்த ஒன்பது நாளில் ஒரு ஜோடி செருப்பும் போயிற்று.

பத்தாவது நாள் காலை, வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. ஏட்டையா இறங்கினார். வாசப்படியில் கால் வைக்காமல் தெருவில் நின்றுகொண்டே, நாலு வீட்டுக்குக் கேட்கும்படி கத்தினார்:

“குத்தாலிங்கம் அண்ணாச்சி! நாயைக் கட்டியாச்சா? உள்ள வரலாமா?”

அடுப்படியிலிருந்து மொழி சிரித்த சத்தம் கேட்டது. நான் அப்படியே தூணைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

பிறகுதான் தெரிந்தது. நல்ல குடும்பம் என்று மேலகரத்தில் வேறு நாலு இடத்தில் விசாரித்து முடித்துவிட்டுத்தான் அன்றைக்கு அவர் டீக்கடைக்கே வந்திருக்கிறார். கோபம், என் பொய்யில் இல்லை, கள்ளன் என்ற சொல்லில்தான். அதையும் மாப்பிள்ளை ஆற்றிவிட்டார். போனில் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, “அப்பா, ரெண்டு மணி நேரம் சென்ட்ரி நிக்கதுக்கே எங்களுக்குக் கண்ணு சொக்குது. அவுஹ நாலு தலைமுறையா நிக்காவ. பேசி முடிங்க” என்று சொன்னாராம்.

கல்யாணம் முடிந்து ஆறு வருடம் ஆகிறது. சம்பந்தி இன்றைக்கும் வாசலில் நின்று நாயைக் கட்டச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருவார். அந்த மூன்று மைத்துனர்களின் உடல்நலத்தை மாப்பிள்ளை மாதாமாதம் போனில் விசாரிப்பார். சொன்ன பொய்களில் ஒன்றையாவது உண்மையாக்கிவிடுவோம் என்று போன வருடம் நிஜமாகவே ஒரு நாய்க்குட்டி வாங்கி வந்தேன். பேத்திதான் பெயர் வைத்தாள்.

இந்த வருடம் அவளை எல்.கே.ஜி.யில் சேர்த்தோம். உலகம்மாளும் நானும் கூடப் போயிருந்தோம். என் பெயரைக் கேட்டுவிட்டு டீச்சரம்மா, “தலையாரின்னா என்ன பாப்பா?” என்று குழந்தையிடம் கேட்டார்.

பேத்தி யோசிக்கவே இல்லை. “எங்க தாத்தா வீட்டு நாய்!” என்றாள்.

அந்தப் பெயருக்கு அதுவரை யாரும் சொல்லாத அர்த்தம். கொள்ளுத்தாத்தாவை நினைத்து மனதுக்குள் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். திருத்தவில்லை. அதுவும் வாசலில்தானே படுத்திருக்கிறது, காவல்தானே காக்கிறது என்று விட்டுவிட்டேன்.

ஆனால் ஒன்று. அது யார் வந்தாலும் வாலை ஆட்டுகிறது. அதன் மேல் எனக்கு ஒரு கண் இருக்கத்தான் செய்கிறது.